ஐவியின் நாக்கில் கரையாத அப்பம்

1993ஆம் வருஷம் உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் ஐவியின் நாக்கில் வைக்கப்பட்ட நற்கருணை அப்பம் கரையவில்லை. இறுதிப் பாட்டு முடிந்து, கோயில் வாசலில் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக் கலைந்து, அவள் சாந்தோம் கடற்கரைப் பக்கத்துச் சந்திலிருந்த தன் ஒற்றை அறை வீட்டுக்கு வந்து காபி குடித்தபோதும் அது அப்படியே இருந்தது. இட்லி சாப்பிட்டாள். இட்லி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தாள். நடுவில் சிலுவை பதிந்த வெள்ளை வட்டம், ஓரம்கூட நனையாமல், காபிக் கறைகூடப் படாமல் உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது. அடுத்த வருஷமும் இருந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை, எனவே நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை.

அவள் கோபமாக இருந்தாள் என்பதையும் எல்லோரும் அறிவார்கள். கோபத்துக்குக் காரணம் அவளுடைய அண்ணன் வால்டர். அடையாற்றில் சொந்த வீடு, பங்குப் பேரவையில் துணைத் தலைவர் பதவி, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகம் படிக்கக் கணீரென்று ஒரு குரல் என்று எல்லாம் அமைந்தவர். அவர்களுடைய அப்பா உயிரோடு இருக்கும்போதே வாங்கிப் போட்ட குடும்பக் கல்லறை ஒன்று இருந்தது. அதில் அப்பா, பிறகு அம்மா, பிறகு 1979இல் தொண்டை அடைப்பான் கண்டு மூன்று வயதில் செத்துப்போன ஐவியின் மகள் ஷில்பா. ஊரில் இடமில்லை. செத்தவர்களுக்கும் ஒண்டுக் குடித்தனம்தான். அடுத்தவருக்காகக் குழியைத் திறக்கும்போது பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, அதே குழியில் கால்மாட்டில் வைத்துவிட்டு, அதற்கு மேல் புதுப் பெட்டியை இறக்குவார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. 1992இல் வால்டரின் மாமனார் இறந்தார். கல்லறை வால்டர் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுத் திறந்து, மாமனாரை உள்ளே வைத்து மூடிவிட்டார். ஐவி வேலை முடிந்து சாயங்காலம் ஓடி வந்தபோது மண் மேடு தட்டியாகிவிட்டது.

"பாப்பாவ எங்கண்ணே வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"அங்கதாம்மா. கால்மாட்டுல, அப்பா அம்மாவோட" என்றார் வால்டர். சொல்லும்போது வலது காதைத் தடவிக்கொண்டார். ஐந்து வயதில் அலமாரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இல்லை என்று சொன்ன நாளிலிருந்து பொய் சொல்லும்போது அவர் காதைத் தடவுவார் என்பது உலகத்தில் ஐவி ஒருத்திக்குத்தான் தெரியும். மறு மாதம் அங்கே மாமனார் பெயருடன் கறுப்பு கிரானைட் வந்தது. ஷில்பா என்று எழுதியிருந்த சின்ன மார்பிள் துண்டு காணாமல் போனது. குழியைத் திறந்து பார்க்க வால்டரின் கையெழுத்து வேண்டும். வால்டர் கொடுக்கவில்லை. செத்தவர்களைத் தொந்தரவு செய்வது பாவம் என்றார். குழி வெட்டியவன் அதற்குள் சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தான்.

இதில் ஐவிக்கு என்ன போயிற்று என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஜெபமாலை இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஐவிக்கு உலக முடிவைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் கற்றுக்கொடுத்தது எல்லாம் அப்படியே நம்பிக்கை. எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், செத்தவர்கள் உடலோடு எழுந்து நடுவருக்கு முன்னால் நிற்பார்கள். ஷில்பா வேற்று முகம் பார்த்தால் அழுகிற பிள்ளை. பால்காரர் தூக்கினாலும் அழுவாள், சொந்தத் தாத்தா தூக்கினாலும் அழுவாள். துபாய்க்குப் போன அப்பாவோ போனவர் போனவர்தான், அவர் முகமே அவளுக்குத் தெரியாது. அத்தனை கோடி ஜனம் எழுந்து முண்டியடிக்கிற இடத்தில் மூன்று வயசுப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு தனியாக நிற்கும். எனவே ஐவி இறுதித் தீர்ப்புக்குச் செய்துகொண்ட ஆயத்தம் ஒன்றே ஒன்று: அதே குழியில் தன்னையும் வைக்க வேண்டும், எழும்போது பிள்ளை முதலில் பார்க்கிற முகம் தன் முகமாக இருக்க வேண்டும். சொர்க்கமா நரகமா என்பதைக்கூட அவள் அதற்கப்புறம்தான் யோசித்திருந்தாள். அந்த ஆயத்தத்தைத்தான் வால்டர் கிரானைட் போட்டு மூடியிருந்தார்.

பங்குச் சாமியார் டெரன்ஸ் நல்லவர், விதிமுறைகளுக்குப் பயந்தவர். தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னார். விழுங்க முடியவில்லை. தி. நகரில் பல் டாக்டர் வேதாந்தம் இடுக்கியால் தொட்டுப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, மற்றது தன் படிப்பில் வராது என்று அனுப்பினார். சாமியார் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அப்பத்தின் வடிவம் அழியாதவரை ஆண்டவர் அதில் இருக்கிறார். ஆண்டவர் இருக்கும் இடத்தில் அணையா விளக்கு எரிய வேண்டும். கோயிலிலிருந்து ஒரு சிவப்பு விளக்கு ஐவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எண்ணெய் யார் ஊற்றுவது என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஐவியே ஊற்றினாள். அவள் பல்லவன் பஸ்ஸில் ஏறினால் கத்தோலிக்கப் பெண்கள் சீட்டுக்கு நடுவில் முழங்கால் போட்டார்கள். கண்டக்டர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கச்சேரி ரோட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஓடிவந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டால் எந்த மனுஷிக்குத்தான் எரிச்சல் வராது. "எழுந்திரு புள்ள, சேறு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருப்பாள்.

அவள் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நாக்கில் அப்பம் இருந்தும் குரல் கெடவில்லை, தெளிவாகத்தான் இருந்தது. பொய்தான் வரவில்லை. சார் சீட்டில் இல்லை, மீட்டிங்கில் இருக்கிறார், இப்போதுதான் வெளியே கிளம்பினார் என்கிற அன்றாடப் பொய்களைச் சொல்ல வாயைத் திறந்தால் சத்தமே எழாது. சார் இருக்கிறார், உங்களிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் கணீரென்று எழும். பக்கத்து சீட் கோமளம் மயிலாப்பூர் மாட வீதிக்காரி, இருபது வருஷத் தோழி.

"உன் சாமி இப்படி வாயிலயே உக்காந்துண்டு உத்தியோகத்துக்கு உலை வைக்கறாரேடி" என்று அங்கலாய்த்துவிட்டு, பொய் சொல்ல வேண்டிய போன்களையெல்லாம் தன் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள். "என் வாயில ஒண்ணும் இல்லை. நான் சொல்றேன்." அப்படித்தான் அந்த வேலை தப்பித்தது.

ஆனால் பங்கு மக்கள் கோமளம் மாதிரி இல்லை. அப்பம் ஏன் கரையவில்லை என்பதற்கு அவர்களுக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. ஐவி அண்ணனை மன்னிக்கவில்லை. மன்னிக்காத நாக்கில் ஆண்டவர் எப்படிக் கரைவார்? தகுதியில்லாமல் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர் தன் தண்டனையைத்தானே வாங்குகிறார்? இதைத் துக்கம் நிறைந்த குரலில், மைக்கில், முதன்முதலில் சொன்னவர் வால்டர். "என் தங்கச்சியோட மனக் கடினத்துக்காக எல்லாரும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். ஐவி நான்காவது பெஞ்சில் உட்கார்ந்து, தன் மனக் கடினத்துக்காக நானூறு பேர் ஜெபிப்பதைக் கேட்டாள். அன்று அவளுக்கு வந்த கோபத்தில் கோயில் மின்விசிறி மூன்று நின்றுபோனது, பிறகு எந்த எலெக்ட்ரீஷியனாலும் ஓட வைக்க முடியவில்லை.

அதைவிடக் கொடுமை சமாதான வாழ்த்து. நன்மை வாங்குவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். வால்டர் ஒவ்வொரு ஞாயிறும் முன் பெஞ்சிலிருந்து முழுசாகத் திரும்பி, தங்கையைத் தேடிக் கண்டுபிடித்து, பல் தெரியச் சிரித்து, எல்லோரும் பார்க்கிற மாதிரிக் கும்பிடுவார். ஐவி கையைக் கூப்பினால் பொய். கூப்பாவிட்டால் பாவி. கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள்.

1996இல் வால்டர் இறுதித் தீர்ப்பு ஆயத்தக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். இரண்டாயிரம் நெருங்குகிறது, உலகம் முடியப் போகிறது, அதற்குமுன் மூன்று நாள் இருட்டு வரும், மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டும்தான் அந்த இருட்டில் எரியும் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு வந்திருந்தது. பங்கே திரி வாங்கி அடுக்கியது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்தார்கள். தீர்த்தம் குடங்களில் நிரம்பியது. வெள்ளிக்கிழமை உபவாசம், முதல் சனி விழிப்பு, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால் ரேஷன் கடை வரிசை. ஆண்டவர் வரும்போது கரண்ட் போய்விடும் என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலையாக இருந்தது. ஆண்டவர் வந்து ஏதாவது கேட்பாரே, கேட்டால் என்ன சொல்வது என்று ஒருவரும் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

ஐவி முயற்சி செய்யாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் பயம் இருந்தது. கரையாத அப்பத்தோடு செத்து, கரையாத அப்பத்தோடு நடுவருக்கு முன்னால் போய் நின்றால், பிள்ளையின் பக்கத்தில் நிற்க விடுவார்களா? ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயில் கொடியேற்றத்துக்கு வெறுங்காலில் நடந்தாள். தவக்காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு சாப்பிட்டாள். சாமியாரிடம் போய் முழங்காலிட்டு, அண்ணன் மேல் கோபம் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னாள், அவரும் ஒவ்வொரு மாதமும் மன்னிக்கச் சொல்லி அனுப்பினார். அப்பம் அசையவில்லை. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் மறுநாள், பிளம் கேக்கும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு அடையாற்று வீட்டுக்கே போனாள். வால்டர் ஈஸி சேரில் இருந்தார். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உன்ன மன்னிச்சிட்டேன்" என்றாள். சத்தம் வந்தது. ஆகவே அது பொய்யில்லை, அந்த நிமிஷத்துக்காவது உண்மை.

வால்டர் டிவியிலிருந்து தலையைத் திருப்பினார். உண்மையிலேயே புரியாதவர் போல நெற்றியைச் சுருக்கினார். "மன்னிச்சியா? எதுக்கும்மா? நான் இன்னா பண்ணேன்?"

ஐவி கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள். கையில் மன்னிப்பை வைத்துக்கொண்டு அதைக் கொடுக்க ஆளில்லாமல் திரும்பி வந்தவளைப் பற்றி வேதபாட வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. அடையாறு பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருஷம் சாமியாரும் பங்கும் அவளும் சேர்ந்து, தீர்ப்புக்கு ஆயத்தமாக வேண்டியவள் அவள்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். செய்தவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனுக்குத் திரி கொடுத்தார்கள், மைக் கொடுத்தார்கள். அன்று முதல் அவள் உபவாசத்தை நிறுத்தினாள், நன்றாகச் சாப்பிட்டாள்.

1999 நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பங்கே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சமாதிகளுக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, குடைக்கடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கூட்டம் அதிகம். உலகம் முடிய இரண்டே மாதம் பாக்கி. சாயங்காலப் பூசை முடிந்ததும் சாமியார் மைக்கை வால்டரிடம் கொடுத்தார். உயிர்ப்பைப் பற்றிப் பேசினார் வால்டர். எக்காளம் ஊதுகிறபோது இதோ இந்தக் கல்லறைகள் எல்லாம் திறக்கும், நம் அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும் இந்த மண்ணிலிருந்தே எழுந்து வந்து நம்மைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். பலர் அழுதார்கள்.

ஐவி குடையை மடக்கிவிட்டு முன்னால் நடந்து போனாள்.

"அண்ணே, என் பொண்ணு எந்தக் குழியிலேர்ந்து எழுந்து வருவா?"

மைக் அதையும் வாங்கிக் கல்லறை முழுக்கச் சொன்னது. வால்டர் சிரிக்கப் பார்த்தார். "இப்ப இன்னாத்துக்கும்மா இது? நம்ம குடும்பக் கல்லறையிலதான்" என்றார். வலது கை காதுக்குப் போனது.

"என்கிட்ட சொல்லாத. இவர்கிட்ட சொல்லு" என்றாள் ஐவி. வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள்.

அந்த வெள்ளை வட்டத்தை எல்லோரும் வெளிச்சத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாமியார் டெரன்ஸ் சேற்றில் முழங்காலிட்டார். திவ்ய நற்கருணை வெளியே காட்டப்பட்டால் முழங்காலிட வேண்டும், அது விதி. அவருக்குப் பின்னால் பங்கே முழங்காலிட்டது. வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த தங்கம் அம்மன் பக்தை; அவளும் கூடையை இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நின்றது அண்ணனும் தங்கையும் மட்டும். ஐவி வாயை மூடவில்லை. மூடும்வரை யாரும் எழ முடியாது. தூறல் அவள் நாக்கில் விழுந்தது, அப்பம் நனையவில்லை. முழங்கால் வலித்தவர்கள் முனகினார்கள், ஒரு குழந்தை அழுதது, எங்கோ மெழுகுவர்த்தி சொய்யென்று அணைந்தது. அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது துக்கத்தில் வந்ததில்லை, ஏழு வருஷமாக அடக்கி வைத்த ஆத்திரம். கடைசியில் வால்டரின் கால் மடங்கியது. இஸ்திரி போட்ட பேண்டோடு சேற்றில் உட்கார்ந்தார். கை காதுக்குப் போகவில்லை.

"மாமாவோட பெட்டி அகலம்" என்றார். "குழியில எறங்கல. குழி வெட்டுனவன் பாப்பாவத் துணியில சுத்தி எடுத்துக் குடுத்தான். கைக்குட்டையளவுதான் இருந்திச்சு ஐவி. ஓரமா வெய்யி, எல்லாரும் போனப்புறம் உள்ள வெச்சிக்கலாம்னேன். அந்தச் சுவத்தோரம், காஞ்ச மாலையெல்லாம் கொட்டி வெப்பாங்களே, அந்த மேட்டு மேல வெச்சான். அப்ப அத்தை மயக்கம் போட்டு வுயுந்துட்டாங்க. ஆஸ்பத்திரி, அது இதுன்னு... மறந்துட்டேம்மா. மறுநாள் வந்து பாக்கசொல்ல குப்பைய எரிச்சி முட்ச்சிட்டானுங்க. மண்ணுதான் கீது. உன்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

மைக் எல்லாவற்றையும் சொன்னது. யாரோ ஒருவர் அதை அணைக்க எழுந்து, முழங்காலிட வேண்டும் என்பது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார்.

ஐவி வாயை மூடினாள். காய்ந்த மாவின் ருசி ஒன்று தெரிந்தது, ஒரு கணம்தான். பிறகு எச்சில் மட்டும் இருந்தது. விழுங்கினாள். உடனே அவளுக்குப் பேச வந்தது, பேசினாள்.

"மறந்துட்டியா? வாராவாரம் திரும்பித் திரும்பிப் பல்ல இளிச்சிச் சமாதானம் சமாதானம்னு கும்பிட்டியே, அப்பகூட ஞாபகம் வர்லியா? என்ன கல்நெஞ்சுக்காரின்னு ஊரையே வுட்டு ஜெபம் பண்ண வெச்சியே! எரியற குப்பையில கைய வுட்டாவது எடுத்திருக்கக் கூடாதா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தச் சாம்பல வழிச்சு எடுத்திருப்பேனே, பாவி!" இன்னும் பேசினாள். அச்சில் ஏற்ற முடியாத சில வார்த்தைகளும் வந்தன. கல்லறைத் தோட்டம் முழங்காலில் நின்றபடியே கேட்டது. எழலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சாமியாருக்கு அதன்பிறகு சில நாள் தூக்கமில்லை. வீட்டுக்கே வந்தார்.

"அப்போ அண்ணனை மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்ல ஃபாதர்."

"கோபம் போயிடுச்சா?"

"அதெல்லாம் அப்பிடியேதான் கீது. சொல்லப்போனா இப்ப ஜாஸ்தி."

"அப்புறம் எப்படிக் கரைஞ்சுது?"

"அத நீங்கதான் சொல்லணும். நீங்கதான படிச்சவரு" என்றாள் ஐவி. சிவப்பு விளக்கைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு தயங்கித் தயங்கித்தான் அவளுக்கு நன்மை கொடுத்தார். அது எல்லோர் நாக்கிலும் கரைவது போலக் கரைந்தது, அதற்கடுத்த ஞாயிறும் கரைந்தது. வால்டர் கடைசி பெஞ்சுக்கு மாறிவிட்டிருந்தார், சமாதான வாழ்த்தின்போது குனிந்தே நின்றார். ஆயத்தக் குழுவை யாரும் கலைக்கவில்லை, ஆனால் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை. பங்கில் பலர் அந்த மாதம் தாங்கள் செய்ததை ஒப்புக்கொள்ள யார் யார் வீட்டுக்கோ போய்க் கதவைத் தட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. தேனாம்பேட்டையில் கோமளம் பொய் சொல்லும் வேலையைத் தோழியிடம் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள், ஐவி வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் சில கிழவிகள் பழக்க தோஷத்தில் இன்னமும் முழங்கால் போட்டார்கள். அவள் தடுக்கவில்லை.

டிசம்பரில், இருட்டுக்காக ஊர் ஜன்னல் அடைத்துக்கொண்டிருந்தபோது, ஐவி கல்லறைக் குழுவின் முன்னால் போய் நின்றாள். மதிலோரம், காய்ந்த மாலைகள் கொட்டும் மேட்டை ஒட்டி, தனக்கு ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் வேண்டும் என்றாள். கறுப்பு கிரானைட்டை எடுத்துவிடுகிறோம், குடும்பக் கல்லறையிலேயே வைத்துக்கொள் என்று குழு சொன்னது. இது வால்டரே கெஞ்சி அனுப்பிய ஏற்பாடு. அவள் வேண்டாம் என்றாள். அது குப்பை கொட்டுகிற இடமம்மா, மனுஷரைப் புதைக்கிற இடமில்லை என்றார்கள்.

"என் பொண்ண அங்கதான போட்டீங்க" என்றாள் ஐவி. "எல்லாரும் எழுந்து நிக்கசொல்ல அவ யார்கிட்டயும் போவ மாட்டா. அழுவா. நான் பக்கத்துல இருக்கணும்."

குழு ஒப்புக்கொண்டது. அந்த வாரத்திலிருந்து பங்கு மக்கள் காய்ந்த மாலைகளை வாசல் பக்கத்து மூலையில் கொட்ட ஆரம்பித்தார்கள்.